கைகுலுக்கலுக்குப் பிறகு

கேள்வி: இஸ்ரேலும் பாலஸ்தீனமும் பேசித் தீர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டா?

பதில்: இப்போதைக்கு இல்லை. 1993இல் சமாதான உடன்படிக்கை போட்ட வெள்ளை மாளிகைப் புல்வெளியில் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் கையை நீட்டியபோது இஸ்ரேல் பிரதமர் ராபின் தயங்கியதை உலகமே பார்த்தது. இரண்டே ஆண்டில் ஒரு யூதத் தீவிரவாதி ராபினைச் சுட்டுக் கொன்றான். 1993இல், பாலஸ்தீனர்கள் தங்கள் நாட்டுக்காகக் கேட்கும் மேற்குக் கரையில் யூதக் குடியேறிகள் சுமார் ஒரு லட்சம். இன்று, கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே, சுமார் ஐந்து லட்சம். இவர்களை எந்த இஸ்ரேல் பிரதமர் கிளப்புவார்? 2005இல் காஸாவிலிருந்து எட்டாயிரம் குடியேறிகளை வெளியேற்றவே அன்றைய பிரதமர் ஷரோன் ராணுவத்தை இறக்க வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பில்? அதே 2005இல் பாலஸ்தீன அதிபராக நான்காண்டுப் பதவிக்குத் தேர்வான அப்பாஸ், மறுதேர்தலே இல்லாமல் நாற்காலியில் நீடித்தார். போட்டி இயக்கமான ஹமாஸ் அவரை மதிப்பதே இல்லை. ஆனாலும், 1977இல் பகை நாடான எகிப்தின் அதிபர் சதாத் இஸ்ரேலில் போய் இறங்குவார் என்று யார்தான் எதிர்பார்த்தார்கள்? அதையடுத்து 1979இல் இரு நாடுகளும் போட்ட சமாதான ஒப்பந்தம், காஸா போரிலும் முறியவில்லை.