சாவா மூவா ஆடுகள்

தஞ்சாவூர்
சித்திரை 29

அன்புள்ள பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. நீ சனிக்கிழமைதோறும் ஃபீனிக்ஸில் உணவு வங்கிக்குப் போய்ப் பெட்டி அடுக்கிக் கொடுக்கிறாய் என்று உன் அம்மா சொன்ன நாள்முதல் எனக்கு மனம் நிறைந்திருக்கிறது. ஆனால் போன கடிதத்தில் நீ எழுதிய ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. "எங்கள் உணவு வங்கி ஓர் அட்சய பாத்திரம் தாத்தா, அதற்குப் போய் எப்படிக் கோடையில் காசில்லாமல் போகும்?" என்று கேட்டிருந்தாய். கேள்வி நல்ல கேள்வி. அதன் முன்பாதிதான் தப்பு.

இங்கே மேடை ஏறுகிறவர்கள் சோறு என்ற பேச்சு வந்ததும் அட்சய பாத்திரம் என்றுவிடுகிறார்கள். ஐம்பது வருஷமாகக் கேட்டு அலுத்துவிட்டேன். மணிமேகலையை நிதானமாகப் படித்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். கோமுகிப் பொய்கையில் மணிமேகலையின் கையில் வந்து சேர்ந்த அமுதசுரபி என்ற அந்தப் பாத்திரம், புகாருக்கு வந்ததும் தானாகச் சுரந்துவிடவில்லை. ஆதிரை என்ற இல்லத்தரசி தன் வீட்டுச் சோற்றை முதல் பிச்சையாக இட்ட பிறகுதான் அது ஊரின் பசியைத் தீர்க்கத் தொடங்கியது. தெய்வம் கொடுத்த பாத்திரத்துக்கே ஒரு வீட்டுக்காரியின் கை வேண்டியிருந்தது என்றால், தகரக் கூரையும் லாரியும் உள்ள கிடங்குக்கு வேண்டாமா? வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போது ஒரு வாரம் அங்கேயே நின்றுவிடுவேன். பாடத்திட்டம் முடியவில்லை என்று பிள்ளைகள் குறைபட்டுக்கொள்வார்கள். முடியாவிட்டால் போகட்டும் என்றுதான் இன்றும் சொல்வேன்.

உங்கள் ஊரிலேயே பார். முதல் உணவு வங்கி 1967இல் ஃபீனிக்ஸில்தான் பிறந்தது. ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்கான ஒரு சமையற்கூடத்தில் தொண்டு செய்துகொண்டிருந்தார். பத்துப் பிள்ளை பெற்ற ஒரு தாய், மளிகைக் கடையின் பின்புறக் குப்பைத் தொட்டியில் நல்ல உணவைப் பொறுக்கி வீட்டை நடத்துவதை அறிந்தார். வீணாகப் போகிற உணவைப் போட்டுவைக்கவும் வேண்டியவர் எடுத்துக்கொள்ளவும் வங்கி மாதிரி ஓரிடம் இருந்தால் நன்றாக இருக்கும் என்ற யோசனையைச் சொன்னவளே அந்தத் தாய்தான். செயின்ட் மேரீஸ் தேவாலயம் ஒரு பழைய கட்டடத்தையும் 3,000 டாலரையும் கொடுத்தது. முதல் வருஷத்திலேயே ஏறத்தாழ 1,25,000 கிலோ உணவு கைமாறியது. இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் 1,25,000 கிலோவைச் சொல்லி வியக்கிறார்கள். எனக்குக் கண்ணில் படுவது அந்த 3,000 டாலர். உணவு கடைகளில் சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து சேர்க்கத்தான் பணம் வேண்டியிருந்தது.

இனி உன் கோடைக்கு வருகிறேன். நன்றியறிதல் நாள், கிறிஸ்துமஸ் என்று நவம்பரிலும் டிசம்பரிலும் அங்கே ஜனங்களுக்குக் கை தாராளமாக நீள்கிறது. வசந்தம் முடிவதற்குள் அந்தப் பணம் கரைந்துவிடும். மே கடைசியில் பள்ளிக்கூடம் மூடுகிறது. 1946இலிருந்து சட்டப்படி நடக்கிற பள்ளி மதிய உணவு அதோடு நிற்கிறது. நிதி கொடுப்பவர்களும் உன்னைப் போன்ற தொண்டர்களும் விடுமுறைக்கு வெளியூர் போய்விடுகிறார்கள். வெயிலோ உங்கள் பாலைவனத்து வெயில்! 2023இல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது உங்கள் ஊரில்தான். அந்த வெயிலில் பாலும் முட்டையும் கீரையும் இருக்கிற குளிர் அறையை ஒரு மணி நேரம் அணைத்து வைக்க முடியுமா? வரவு வற்றுகிற மாதமும் செலவு ஏறுகிற மாதமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பாய். 2024 முதல் தகுதியுள்ள பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கோடையில் மாதம் 40 டாலர் என்று 120 டாலர் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் நாள் கணக்கில் வகுத்துப் பார், ஒன்றேகால் டாலருக்குச் சற்று மேல் வருகிறது. மூன்று வேளைக்கு.

பள்ளி விடுமுறையும் பசியும் சேர்ந்து வருவது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. காமராஜர் காலத்து மதிய உணவு எங்கள் கிராமத்துப் பள்ளிக்கு வந்தபோது நான் சிறுவன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முழுப் பரீட்சை முடிந்த அன்று மட்டும் சிரிக்கவே மாட்டான். நாங்கள் சிலேட்டைத் தூக்கிப் போட்டுக் குதிப்போம். "இனி ஆனி மாசம்தான்டா சோறு" என்பான். வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டதைப் பத்திரிகையில் பார்த்த அன்று எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

உன் அடுத்த கேள்வி: "காசாகக் கொடுப்பது மரியாதையா? அரிசியாகக் கொடுத்தால்தானே தானம்?" இதற்கு விடை பெரிய கோயிலில் இருக்கிறது. நாலு வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்வெட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னேனே, அந்தச் சுவரில்தான்.

ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டும் என்று நினைத்த சோழர் காலத்து ஆள், கோயிலுக்கு ஒரு குடம் நெய்யைக் கொண்டுபோய் வைக்கவில்லை. ஆட்டைக் கொடுத்தான். ஒரு விளக்குக்கு 96 ஆடு. பசுவானால் 48. எருமையானால் 16. மந்தையை வாங்கிக்கொள்கிற இடையர் நிசதம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நிசதம் என்றால் தினந்தோறும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் வைத்த பெயர்தான் சாவா மூவாப் பேராடுகள். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும். செத்ததற்குப் பதில் குட்டி வளர்ந்து நிற்க வேண்டும், தலை எண்ணிக்கை குறையக் கூடாது என்பது பொருள். முதல் கரையாமல் பலன் மட்டும் வந்துகொண்டே இருக்கிற ஏற்பாடு இது.

ஏன் 96? என் நண்பர் ஒருவர், பெரிய சைவ சித்தாந்தி, தத்துவங்கள் 96 என்பதால் என்று சாதிப்பார். அப்படியானால் வேறு ஊர்க் கல்வெட்டுகளில் 90 என்று வருவது ஏன்? பசு 48 ஆனதும் எருமை 16 ஆனதும் எந்தத் தத்துவத்தால்? இது பால் கணக்கு, தத்துவக் கணக்கில்லை. அறுவடை முடிந்த வயலில் கிடை போட ஒவ்வொரு கோடையிலும் நம் பக்கம் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டி வருவார்கள். அவர்களில் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டேன். கோடையில் புல் கருகிவிட்டால் மடி வற்றிவிடும், குட்டிக்கே பால் போதாது என்றார். அன்றிலிருந்து எனக்கு ஓர் உறுதி: விளக்குக்கு இத்தனை ஆடு என்று வகுத்தவர்கள் மார்கழிப் பாலைப் பார்த்து வகுக்கவில்லை, வைகாசி மடியைப் பார்த்து வகுத்தார்கள். மழைக்காலத்தில் மிஞ்சினால் மிஞ்சட்டும், கோடையில் முட்டக் கூடாது. இது என் ஊகம்தான், எந்தக் கல்வெட்டும் காரணம் சொல்லவில்லை. ஆனால் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற சொல்லைக் கவனி: முட்டாமல். முட்டாமல் எரிக்க, முட்டாமல் அளக்க. முட்டுப்பாடு என்று இன்றும் வீட்டில் சொல்கிறோமே, அதே முட்டுதான். கொடை எவ்வளவு என்பதை ஒருமுறை எழுதி, முட்டாமல் என்பதையும் மறக்காமல் எழுதியவர்கள் அவர்கள்.

சோற்றையும் அப்படி முட்டாமல் போட்ட இடம் உண்டு. வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கியது 1867 மே 23, வைகாசி 11. அதாவது நடுக்கோடை. அன்று மூட்டிய 21 அடி நீள அடுப்பு இன்றும் எரிகிறது. பத்து வருஷத்துக்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஊரார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். நிலமும் சாவா மூவாப் பொருள்தான். வடலூருக்கும் ஃபீனிக்ஸுக்கும் சரியாக நூறு வருஷ இடைவெளி என்று நீ எழுதி மகிழ்ந்திருந்தாய். அது தற்செயல், அதை விட்டுவிடு.

ஆகவே காசு கொடுப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அமெரிக்காவின் உணவு வங்கிகளை இணைக்கும் ஃபீடிங் அமெரிக்கா, ஒரு டாலர் குறைந்தது பத்து வேளை உணவுக்கு உதவுகிறது என்று கணக்குச் சொல்கிறது. பத்து வேளைச் சாப்பாட்டின் விலை ஒரு டாலர் என்று இதை எடுத்துக்கொள்ளாதே. பண்டத்தில் பெரும்பகுதி இலவசமாக வருகிறது, உன் டாலர் லாரிக்கும் மின்சாரத்துக்கும் மொத்த விலைக் கொள்முதலுக்கும் போகிறது. நீ கடையில் சில்லறை விலைக்கு வாங்கித் தூக்கிக்கொண்டு போகிற டப்பாவுக்கு அந்த வலு கிடையாது. பொருளாகத்தான் கொடுப்பேன் என்றால், அங்கே என்ன தேவை என்று முதலில் கேள். பெற்றோர் வேலைக்குப் போன வீட்டில் தனியாக இருக்கிற பிள்ளை அடுப்பு மூட்டாமல் திறந்து சாப்பிடக்கூடியதாகப் பார்த்துக் கொடு. வேர்க்கடலை வெண்ணெய், டப்பாப் பழம், கெடாத பால். துவரம்பருப்பை வேகவைத்துப் பழகாத வீட்டுக்கு அது கல். வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்து, தேதி கடந்ததைக் கொண்டுபோய்ப் போடுகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தாய். பசித்தவனுக்குக் கழித்ததைக் கொடுப்பவன் தன் வீட்டைக் காலி செய்கிறான், அவ்வளவே. அதைத் தானம் என்று உன் எதிரில் யார் பேசினாலும் சும்மா இருக்காதே.

பகுதிநேர வேலையில் வருகிற பணத்தில் டிசம்பரில் 120 டாலர் மொத்தமாகக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். மாதம் 10 டாலராகப் பிரித்துக் கொடு, இந்த மாதமே தொடங்கு. உங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நிதி திரட்டுகிறதே, அதில் ஒன்றை ஜூனுக்கு மாற்றச் சொல்லிக் கேள். பெரியவர்கள் தயங்குவார்கள், விழாவுக்குத்தான் கூட்டம் வரும் என்பார்கள். நான் எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டு.

மே 31க்குள் முதல் பத்து டாலரைக் கட்டிவிடு. ஜூன், ஜூலை சனிக்கிழமைகளில் கிடங்குக்குப் போவதையும் விடாதே.

அன்புடன்,
தாத்தா