மீன் தொட்டியும் மின்சாரமும்

பட்டர்வொர்த்தை அடுத்த பாகான் டாலாம் வீடுகளிலும் சரி, தோட்டத்து வீடுகளிலும் சரி, வண்ண மீன் தொட்டி கண்ணுக்கு இனிய பொழுதுபோக்காகும். காலையில் மீனொன்று செத்து மிதந்தால், பிள்ளைகள் உடனே நீரில் கையை விடுவர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நீரில் மூழ்கிய பம்பின் கம்பியுறை வெடித்திருந்தால், மின்சாரம் நீரில் கசியும்; ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடல் வழியே பாயும். ஆகவே சுவிட்சை அடைத்து, பிளக்கைக் கழற்றிய பின்னரே நீரைத் தொடுதல் வேண்டும். கம்பி, பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கிப் பின் மேலேறட்டும். அதில் வழியும் நீர் பிளக்கை எட்டாமல் கீழே சொட்டிவிடும். காற்றுப் பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வையுங்கள். எவரையேனும் மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாதீர். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள்.

உடனே புதிய மீன் வாங்கவும் அவசரப்படலாகாது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. வடிகட்டும் பஞ்சில் வாழும் நுண்ணுயிர்களே அதன் நச்சுத்தன்மையைக் குறைக்கின்றன. குழாய் நீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொல்லும். எனவே பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். தொட்டி நீரில் கால் பங்கை மட்டும், குளோரின் நீக்கிய நீரைக்கொண்டு மாற்றுங்கள். தொட்டி முழுவதையும் கழுவிப் புதிதாகத் தொடங்கினால், நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். எஞ்சிய மீன்கள் சில வாரங்கள் நலமாக நீந்தினால், இரண்டு மூன்று சிறு மீன்களை மட்டும் விடலாம்.

முதலில் சுவிட்ச், பிறகு கை. முதலில் நீர், பிறகு மீன். இதனைப் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள்.