காய்ச்சலில் காப்பி ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: போன மாதம் காய்ச்சலில் படுத்தபோது அம்மா மூன்று வேளையும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அசதித் தூக்கம் போகவில்லை. கடைக்காப்பி வாங்கிக் குடித்தும் பயனில்லை. ஏன்?
– ஒரு வாசகர், பேரையூர்

பதில்: முதலில் அம்மாவின் சுக்குக் காப்பி. சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்தால் அது பெயரில் மட்டும்தான் காப்பி. காப்பித்தூள் சேராதவரை அதில் தூக்கத்தைக் கலைக்க ஒன்றுமில்லை! கடைக்காப்பியும் தோற்றது என்கிறீர்களே, அதுதான் நல்ல கேள்வி.

கிருமி தலைக்கேறி மயக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான காய்ச்சல்களில் கிருமி மூளைக்குள் போவதே இல்லை. கிருமியோடு சண்டையிடும் செல்கள் இன்டர்லூக்கின், டி.என்.எஃப். போன்ற அழற்சிச் சேதிகளை (சண்டை நடப்பதைச் சொல்லும் புரதங்களை) அனுப்புகின்றன. மூளைக்கு எட்டுவது அந்தச் சேதிதான்.

அதைக் கேட்பவை நரம்புச் செல்கள் மட்டுமல்ல. பக்கத்தில் கிளியா என்ற துணைச் செல்கள் இருக்கின்றன. பெயருக்குக் கிரேக்கத்தில் 'பசை' என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தவர்கள் வெறும் ஒட்டுப்பொருள் என்றே நினைத்தார்கள். பாவம், இத்தனை வேலை செய்யும் செல்லுக்கு இப்படி ஒரு பெயர்.

செல்கள் உழைக்க உழைக்க அடினோசின் என்ற பொருள் சேரும். அது ஏற்பிகளில் (சேதி வாங்கும் புரதங்களில்) போய் உட்கார்ந்தால் தூக்கம் வரும். காப்பியிலுள்ள காஃபின், பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பவரைப் போல. தானும் வேலை செய்யாது, அடினோசினையும் உட்காரவிடாது.

காய்ச்சலில் அடினோசின் கூட்டம் கூடிவிடுகிறது. ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவத் துணைச் செல்கள் அடினோசின் உண்டாவதற்கான சரக்கை வெளியே விடுகின்றன. இதைத் தடுத்துவைத்த எலிகளுக்கு, அழற்சியைத் தூண்டியபோதும் தூக்க அழுத்தம் (தூங்கியாக வேண்டும் என்ற உந்துதல்) கூடவில்லை. இத்தனை கூட்டத்துக்கு ஒரு டம்ளர் காப்பியின் துண்டுகள் எங்கே போதும்? அதோடு, அழற்சிச் சேதிகள் வேறு வழிகளிலும் தூக்கத்தைக் கூட்டுகின்றன. அங்கெல்லாம் காஃபினுக்கு வேலையில்லை.

கூட்டம் மட்டுமல்ல, அடினோசின் உட்காரும் இருக்கைகளான ஏற்பிகளும் மாறுகின்றன. மூளையின் காவல் செல்லான மைக்ரோகிளியா, பக்கத்தில் காயம் பட்டால் தன் கைகளை அந்தப் பக்கம் நீட்டும். அழற்சி வந்ததும் அதன்மேல் ஏ2ஏ என்ற அடினோசின் ஏற்பி பெருகி, நீட்டிய கைகள் உள்ளே சுருங்குகின்றன. இதை 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏ2பி என்ற இன்னொரு ஏற்பி, அடினோசின் தொடர்ந்து தட்டினால் வழக்கமாகச் சலித்து அடங்கிவிடும். டி.என்.எஃப். அந்தச் சலிப்பைக் குறைக்கிறது என்பதை ஆய்வகத்தில் வளர்த்த மனித ஆஸ்ட்ரோசைட் வகைச் செல்களில் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த காய்ச்சலில் காப்பியோடு மல்லுக்கட்டாமல் தூங்குங்கள். சுக்குக் காப்பி தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணீர். அம்மா போட்டால் குடியுங்கள். ஆனால் எழுப்பியும் எழவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் அது இந்தத் தூக்கமல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.