மீனுக்கு முன் நீர்: அகிம்சை அணுவிரதம் பற்றிய ஒரு பாடம்

திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையால் கண்மாய் நிறைந்தால்தான் உழவு. கோடையிலோ ஒரு குடம் நீரும் அருமையுடையது. பண்டு இப்பகுதி வெண்புநாடு எனப் பெயர் பெற்றிருந்தது. இந்நாட்டுக் குறண்டியைச் சார்ந்த அறவோர், அவர்தம் மாணாக்கர் ஆகியோரின் பெயர்களை மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் கல்வெட்டுகளில் இன்றும் காணலாம். நீரை வடித்து அருந்துக என்னும் அறம் இம்மண்ணுக்குப் புதியதன்று.

இன்று நம் இல்லங்கள் சிலவற்றில் வண்ணமீன் தொட்டிகள் இடம்பெற்றுள்ளன. பிள்ளைகள் விரும்பிக் கேட்கின்றனர், பரிசாகவும் வருகின்றன. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்குவது பெருவழக்கு. பத்து நாட்களுக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக இறந்து மிதக்கின்றன. 'அதன் ஆயுள் அவ்வளவே' என்று கூறி, மீண்டும் மீன் வாங்குகின்றனர். பெரும்பாலும் காரணம் ஆயுள் அன்று. நீர் ஆயத்தமாகாமையே ஆகும். அறியாமையால் நேரும் இவ்வுயிர்க்கேட்டைத் தவிர்க்கும் வழியை இப்பாடத்தில் காண்போம்.

1. தெளிந்த நீரில் தோன்றும் நஞ்சு

மீன் ஐயறிவுடைய நீர்வாழ் உயிர். அதன் செவுள் வழியாகவும் கழிவின் வழியாகவும் அம்மோனியா என்னும் நஞ்சு நீரில் கலக்கிறது. உண்ணாது எஞ்சிய உணவு அழுகும்போதும் அது தோன்றும். கண்மாயில் நீர்ப்பரப்பு பெரிது. சேறும் செடியும் நுண்ணுயிரும் உள்ளன. ஆகவே நஞ்சு தங்குவதில்லை. புதிய கண்ணாடித் தொட்டியில் இவை எவையும் இல்லை. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஆயினும் மீனின் செவுள் வெந்துகொண்டிருக்கும்.

இந்நஞ்சை மாற்றுபவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இதன் தீங்கு மிகக் குறைவு. செடிகளுக்கு இது உரமாகும். ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். இவை கூழாங்கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் படிந்து பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

நீரின் காரத்தன்மையும் வெப்பமும் மிகுந்தால் அம்மோனியாவின் கடுமையும் மிகும். வெப்பம் மிகுந்த நீரில் உயிர்வளியும் குறையும். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியை ஏற்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவே ஏற்கும். ஆகவே நம் வறண்ட நாட்டுக் கோடையில் இருமடங்கு விழிப்பு வேண்டும்.

2. ஆயத்தம் செய்யும் முறை

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும். நீரின் எடையே 54 கிலோ ஆதலின், உறுதியான மேடையில், நேர்வெயில் படாத இடத்தில் அதனை அமைக்க வேண்டும். தொட்டியையும் கற்களையும் வெறும் நீரால் கழுவுக, சோப்பு ஆகாது. நீர் நிரப்பி ஒருநாள் வைத்துக் கசிவு உண்டா எனப் பார்க்க.

கிணற்று நீராயின் இருமடித்த தடித்த துணியால் வடித்து, துணியில் தங்கிய உயிர்களை அதே கிணற்றில் மெல்லச் சேர்ப்பிக்க. குழாய்நீராயின் அதிலுள்ள குளோரின் நுண்ணுயிரையும் மீனையும் கொல்லும். வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் காற்றாட வைத்தால் அது நீங்கும். குளோரமின் கலந்த நீர் அவ்வாறு நீங்காது. அதற்குரிய முறிமருந்து கடைகளில் கிடைக்கும்.

பின்னர் செடிகளை நட்டு, வடிகட்டியையும் காற்றுக்குழாயையும் இடைவிடாது இயக்குக. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் இடுக. அது அழுகித் தரும் அம்மோனியாவே நுண்ணுயிர்களுக்கு உணவாகும். நன்கு நடைபெறும் தொட்டியொன்றின் பழைய வடிகட்டிப் பஞ்சைச் சிறிது பெற்று இட்டால், பாலுக்கு உறைமோர் போல அது பணியை விரைவுபடுத்தும்.

முன்னெல்லாம் வலிய மீன்கள் சிலவற்றை முதலில் விட்டே தொட்டியைப் பழக்கினர். அவற்றுள் பல மாய்ந்தன. மீனின்றியே நீரைப் பழக்க இயலும்போது அம்முறையை நாம் ஏற்பதற்கில்லை.

சோதனைச் சொட்டு மருந்தால் வாரம் இருமுறை நீரை ஆய்க. அம்மோனியா முதலில் ஏறி இறங்கும். பின்பு நைட்ரைட் ஏறி இறங்கும். உணவிட்டு வரும்போதும் இவ்விரண்டும் தொடர்ந்து சுழியாகவே நின்று, நைட்ரேட் மட்டும் காணப்படின், நீர் ஆயத்தமாயிற்று என அறிக. அதன்பின் ஐந்தில் ஒரு பங்கு நீரை வாரந்தோறும் மாற்றுதல் வேண்டும். நீக்கிய நீரில் வடிகட்டிப் பஞ்சை அலசலாம். பின் அந்நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம்.

3. ஐந்து அதிசாரங்கள்

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவை மாட்டுக்கும் குதிரைக்கும் மட்டும் உரியன அல்ல.

பந்தம்: கட்டிவைத்தல். மீன் திரும்பவும் இடமில்லாத சிறு கிண்ணத்தில் அடைப்பது இதுவே.
வதம்: அடித்து வருத்துதல். கண்ணாடியைத் தட்டி அச்சுறுத்துதலும், கடிக்கும் மீனுடன் சாதுவான மீனைச் சேர்த்தலும் இதன்பாற்படும்.
சேதம்: உறுப்பைச் சிதைத்தல். கண்ணாடி மீனின் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி விற்கும் வழக்கம் உண்டு. அத்தகைய மீனை வாங்குவோர்க்கும் அவ்வினையில் பங்குண்டு.
அதிபாராரோபணம்: மிகுபாரம் ஏற்றுதல். தொட்டி தாங்கும் அளவுக்கு மேல் மீன்களை நெருக்குவது இது.
அன்னபான நிரோதம்: உணவும் நீரும் தடுத்தல். ஊருக்குச் செல்லும்போது பார்ப்பாரின்றி விட்டுச் செல்வது இது. மீனுக்கு நஞ்சற்ற நீரே முதல் உணவு என்பதையும் ஈண்டு நினைக.

4. வளர்க்கலாமா?

கண்ணுக்கு இன்பம் கருதி ஐயறிவுயிரை விலைக்கு வாங்கி அடைத்தல் பரிகிரகமும் பந்தமும் ஆகும். கடைகளில் விற்கும் மீனுணவு பெரும்பாலும் மீன்தூள் கலந்தது என்பதும் எண்ணத்தக்கது. ஆகவே விரதம் ஏற்றோர் வாங்காதிருத்தலே நன்று.

எனினும் மீன் ஏற்கெனவே இல்லம் புகுந்திருந்தால் அதனைப் புறக்கணித்தல் அறமன்று. நீர் பழகும்வரை நாள்தோறும் கால்பங்கு நீரைக் குளோரின் நீக்கி மாற்றுக. உணவைக் குறைத்து இடுக. 'விடுதலை' எனக் கருதி அம்மீனைக் கண்மாயில் விடற்க. அயல்நாட்டுச் சக்கர் மீன் அவ்வாறே நம் நீர்நிலைகளில் பரவி, அங்குள்ள உயிர்களுக்கு இடர் விளைக்கிறது.

பிள்ளை தொட்டி கேட்டால், முதலில் செடியும் நீரும் மட்டும் உள்ள தொட்டியை அமைத்துக் கொடுங்கள். ஆறு வாரம் அதனைப் பேணச் செய்யுங்கள். காணா உயிர்களின் பணியைக் கற்ற பிள்ளை, காணும் உயிரின் துன்பத்தையும் உணரும். அத்தனை நாள் பொறுக்க இயலாத இல்லம் மீனைக் கொணரும் தகுதி இன்னும் பெறவில்லை.

பயிற்சி வினாக்கள்

1. புதிய தொட்டியின் தெளிந்த நீர் மீனுக்கு நஞ்சாவது எவ்வாறு?
2. நீர் ஆயத்தமாயிற்று என்பதை எவற்றால் அறியலாம்?
3. ஐந்து அதிசாரங்களுள் நம் இல்லத்தில் அறியாது நிகழ்வது எது? அதனைக் களைவது எங்ஙனம்?