விஞ்ஞானக் கழகமும் அதன் அங்கத்தினரும்

கிராமத்தில் ஒரு விஞ்ஞானக் கழகத்தைத் தொடங்குவது கடினமன்று. நல்லெண்ணம் படைத்த ஆசிரியர் ஒருவரும் ஆர்வமுள்ள இளைஞர் சிலரும் கூடினால் ஒரு மாலைப் பொழுதிலேயே அது தோன்றிவிடும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் அதனைப் பதிவு செய்துகொள்ளவும் கூடும். தொடக்க விழாவன்று பலர் சந்தா செலுத்துவர். ஆனால் ஓராண்டு கழிந்தபின் சென்று பார்த்தால், காரியதரிசியும் பெயர்ப் பலகையுமே எஞ்சியிருக்கக் காண்பது அரிதன்று. சேர்ந்தவர்கள் ஏன் நின்றார்கள்? அவர்களை நிலைத்திருக்கச் செய்யும் வழி யாது? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கல்வெட்டுக் கூறும் நெறி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரத்தில் பணிபுரிவோர் இந்த ஆராய்ச்சியைத் தொடங்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அவை விஞ்ஞானக் கழகத்தைப் பற்றியவை அல்ல. ஊர்ச் சபையின் வாரியங்களைப் பற்றியவை. எனினும், பலர் கூடி ஒரு பொதுப்பணியைச் செய்வது எவ்வாறு என்பதை அவற்றைவிடத் தெளிவாகக் கூறும் பழைய சான்று அரிது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, அனைவரும் கேட்கப் படித்தனர். குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர்.

குடவோலையின் பெருமையைப் பலரும் பேசுவர். நமக்கு இங்கே வேண்டுவன அதனுடன் இணைந்த மூன்று விதிகளாகும். முதலாவது, தேர்ந்த ஒவ்வொருவருக்கும் இன்ன வாரியம், இன்ன வேலை என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. இரண்டாவது, பணிக்காலம் 360 நாட்களே. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் இடம் பெறாது. மூன்றாவது, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். வேலை தெளிவு, காலம் அளவு, கணக்கு வெளிச்சம் என்னும் இம்மூன்றும் இன்றைய கழகங்கள் பலவற்றில் இல்லாமையே அவற்றின் நோய் என்று கூறலாம். ஒருவரே பத்தாண்டு காரியதரிசியாக இருப்பார். மற்றவர்க்கு நாற்காலியில் அமர்ந்து கைதட்டுவதையன்றி வேறு வேலை இராது. கைதட்டுவதற்காக எவரும் நெடுநாள் வரமாட்டார்.

ஆயினும் அக்கல்வெட்டில் நாம் பின்பற்றத் தகாத பகுதியும் உண்டு. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை அன்று தகுதிகளாகக் கேட்கப்பட்டன. உழைப்பவருக்கும் பெண்களுக்கும் அச்சபையில் இடமில்லை. அந்த வேலியை இன்று யாரும் எழுதிவைப்பதில்லை. ஆனால் எழுதாமலே அது நிற்கக்கூடும். கூட்டம் உயர்நிலைப் பள்ளியில், மாலை ஏழு மணிக்கு, புத்தகத் தமிழில் நடந்தால், சமைக்கும் பெண்ணும் நாற்று நட்டுக் களைத்தவரும் எவ்வாறு வருவர்? ஆகவே நெறியைக் கொள்வோம், வேலியைத் தள்ளுவோம்.

தபாலில் வளர்ந்த கழகம்

அங்கத்தினர் ஓரிடத்தில் இல்லாதபோதும் ஒரு கழகம் நிலைக்க முடியுமா என்று சிலர் ஐயுறுவர். இதற்கு நம் நாட்டிலேயே ஓர் அரிய சான்று உண்டு. 1907-ஆம் ஆண்டு வி. ராமசுவாமி ஐயர் என்னும் அரசாங்க அலுவலர், கணிதத்தில் பற்றுடைய அன்பர்களைக் கொண்டு ஒரு சிறு கழகத்தை அமைத்தார். அதுவே பின்னர் இந்தியக் கணிதச் சங்கமாயிற்று. அங்கத்தினர் வெவ்வேறு ஊர்களில் சிதறியிருந்தனர். சந்தாப் பணத்தில் வாங்கிய கணித ஏடுகளும் நூல்களும் தபால் மூலம் அங்கத்தினரிடையே சுற்றி வந்தன. சங்கத்தின் சஞ்சிகையில் கேள்விகளுக்கென ஒரு பகுதி இருந்தது. ஒருவர் கணக்கு ஒன்றை விடுப்பார், மற்றவர் விடை அனுப்புவார். இவ்வாறு ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலை கிடைத்தது.

1910-ஆம் ஆண்டளவில் வேலையற்ற இளைஞர் ஒருவர் தம் குறிப்பேடுகளுடன் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயரைக் காணச் சென்றார். அவர்தாம் சீனிவாச ராமானுஜன். ஐயர் அக்குறிப்புகளின் மதிப்பை உணர்ந்து, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். 1911-இல் ராமானுஜனின் கேள்விகளும் முதற் கட்டுரையும் அச்சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. பட்டம் பெறாத ஒருவரைப் படிவம் கேட்டுத் திருப்பி அனுப்பாமல், அவர் செய்திருந்த வேலையைப் பார்த்து ஏற்றுக்கொண்டமையே இங்குக் கவனிக்கத்தக்கது. புதியவர் வரும்போது, "நீர் என்ன படித்திருக்கிறீர்?" என்று கேட்பதினும், "நீர் எதைக் கவனித்திருக்கிறீர்?" என்று கேட்பது நன்று.

யாரை அழைப்பது?

அண்மைக் காலச் சான்றுகளும் இதனையே கூறுகின்றன. கேரளத்தில் 1962-இல் விஞ்ஞான எழுத்தாளர்களின் அமைப்பாகத் தொடங்கிய சாஸ்திர சாகித்திய பரிஷத், காலப்போக்கில் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து பேரியக்கமாக வளர்ந்தது. 1980-இல் சென்னையில் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987-இல் சிறுவர்க்காகத் 'துளிர்' மாத இதழைத் தொடங்கியது. பின்னர் அறிவொளிப் பணியில் பெரும் பங்கு கொண்டது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளியில் ஊதியமின்றிப் பாடம் சொன்னவர்களில் பலர் அதற்குமுன் எந்தச் சங்கத்தின் வாசலையும் மிதித்தறியாதவர்கள். அங்கே எழுத்துக் கற்ற பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டவும் பழகினர். சங்கத்திற்கு வாருங்கள் என்ற அழைப்பைவிட, இந்த வேலைக்கு உங்கள் கை வேண்டும் என்ற அழைப்பே அவர்களைக் கொணர்ந்தது.

ஆகவே கழகத்திற்கு அங்கத்தினர் தேடுவோர், ஊரில் ஏற்கெனவே உற்றுக் கவனித்து வாழ்பவர் யார் என்று முதலில் பார்க்கவேண்டும். மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டிக்கு ஏரியின் இயல்பு தெரியும். கிணறு வெட்டுபவருக்கு மண்ணின் அடுக்குகள் தெரியும். தினமும் தண்ணீர் எடுக்கும் பெண்ணுக்கு எந்த மாதத்தில் எந்தக் குழாய் உவர்க்கும் என்பது தெரியும். ஆடு மேய்ப்பவருக்கு எந்தப் பூண்டு எப்போது முளைக்கும் என்பது தெரியும். இவர்களைப் பார்வையாளராக அன்றி, சொல்லித்தருபவராக அழைத்தல் வேண்டும்.

என்ன வேலை தருவது?

வந்தவர்க்குத் தரும் வேலை சிறியதாகவும், முடிவு கண்ணுக்குத் தெரிவதாகவும், ஊருக்குப் பயன்படுவதாகவும் இருத்தல் வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிகள் நிறைந்த நாடாதலின் இரண்டு வேலைகளைக் கூறுவோம்.

ஒன்று மழையளத்தல். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான பாத்திரத்தை மரநிழலும் கூரையும் இல்லாத இடத்தில் வைத்து, அதில் நிற்கும் நீரின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே மழையின் அளவு. வானிலைத் துறையார் அளக்கும் காலை 8-30 மணிக்கே நாமும் நாள்தோறும் அளந்தால் ஒப்பிடுவது எளிது. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர் நீர் விழுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினால், பள்ளிச் சிறுவரும் வியந்து மறுநாள் அளக்க வருவர்.

மற்றொன்று கிணற்று நீர்மட்டம். தெருவுக்கு ஒரு கிணற்றைத் தெரிந்து, மாதந்தோறும் ஒரே தேதியில், மோட்டார் ஓடுவதற்குமுன் விடியற்காலையில், முடிச்சிட்ட கயிற்றால் கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்வரை அளந்து குறிக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் முடிச்சை எண்ணிச் சொல்லலாம். அருகிலுள்ள மாணவர் எழுதிக்கொள்ளலாம்.

நிலைநிறுத்தும் விதிகள்

இப்பணிகள் தொடர்ந்து நடக்க, கீழ்க்கண்ட நான்கு விதிகளைக் கழகங்கள் கைக்கொள்ளலாம் என்பது நம் கருத்து.

1. அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்து ஒரு வேலை. வேலையில்லாத அங்கத்தினர் எவரும் இருத்தலாகாது.

2. எப்பொறுப்பும் ஓராண்டுக்கே. பொறுப்பு முடிந்தவர் அடுத்து வருபவருக்கு மூன்று மாதம் உடனிருந்து பழக்கவேண்டும்.

3. வரவு செலவும் அளவுக் குறிப்புகளும் மாதந்தோறும் கரும்பலகையில். சந்தா எங்கே போயிற்று என்ற ஐயம் முளைத்த இடத்தில் கழகம் தழைப்பதில்லை.

4. இரண்டு கூட்டத்திற்கு வாராதவர் வீட்டிற்கு யாரேனும் ஒருவர் செல்லவேண்டும். குறை கூறுவதற்கன்று, காரணம் அறிவதற்கு. நேரம் பொருந்தாமையே காரணமாயின் மாற்றவேண்டியது நேரமேயன்றி அங்கத்தினரன்று.

ஊருக்கு வரும் பயன்

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். மார்கழி, தை மாதங்களில் ஏரி நீரை நம்பி நவரை நடலாமா, ஆயக்கட்டு முழுவதும் நடலாமா, பாதியோடு நிறுத்தலாமா என்னும் கேள்வி எழுகிறது. தவறாகத் தீர்மானித்தால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடிக்கும். விதையும் உரமும் கூலியும் வீணாகும். மூன்று நான்கு ஆண்டு மழைக் கணக்கும் கிணற்றுக் கணக்கும் கையிலிருந்தால், அத்தீர்மானம் உரத்துப் பேசுபவர் பக்கம் சாயாது. கிராம சபைக் கூட்டத்தில், கலங்கலை உயர்த்துக, வரத்துக் கால்வாயைத் தூர் வாருக என்று கேட்பவருக்கும் அக்குறிப்பேடே துணை நிற்கும்.

அக்குறிப்பேட்டில் ஒரு மாதம் விட்டுப்போனால் அதனைப் பின்னர் எவராலும் நிரப்ப இயலாது. பெய்த மழை மீண்டும் வந்து அளவு காட்டாது. ஆதலின் அங்கத்தினர் நிலைத்திருத்தல் கழகத்தின் கௌரவத்தைப் பற்றியதன்று. ஊரின் நீரையும் நெல்லையும் பற்றியதாகும். இதனை உணர்ந்த ஊழியர்கள், அடுத்த கூட்டத்திற்கு ஆள் சேர்க்கப் புறப்படுமுன், வருபவர் கையில் கொடுக்க ஒரு கயிற்றையும் ஓர் அளவுகோலையும் ஆயத்தம் செய்துகொள்வார்களாக.