கதிர்வீச்சோடு வாராந்திர ஊசி எதற்காக?

"டாக்டர், அம்மாவுக்குத் தினமும் கதிர்வீச்சு தருகிறீர்கள். அதோடு வாரம் ஓர் ஊசியும் போடுகிறீர்கள். நோய் முற்றிவிட்டதா?" கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிலர் கேட்பதுகூட இல்லை. வாந்திக்கு அஞ்சி ஊசி நாளன்று வராமல் இருந்துவிடுகின்றனர். அந்த ஊசி நோய் முற்றியதன் அடையாளமன்று. கதிர்வீச்சுக்குத் துணையாகத் தரப்படுவது.

செல் தன்னைப் பழுதுபார்க்கும் விதம்

ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் டி.என்.ஏ. என்னும் இரட்டை இழை, முறுக்கிய நூலேணியைப் போல அமைந்துள்ளது. கதிர்வீச்சு இதனை அறுக்கிறது. ஓர் இழை மட்டும் அறுந்தால், எதிர் இழையைப் படியாகக் கொண்டு செல் அதனை எளிதில் சரிசெய்துகொள்ளும். இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் சரிசெய்வது கடினம். ஒரு கிரே அளவுக் கதிர்வீச்சு ஒரு செல்லில் ஏறத்தாழ 1,000 ஒற்றை இழை முறிவுகளையும், 40 இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்கும். செல்லை அழிப்பவை பெரும்பாலும் பின்னவையே.

முறிவு ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே, செல்லினுள் உள்ள புரதங்கள் பழுதுபார்க்கத் தொடங்கிவிடுகின்றன. சிகிச்சையை நாள்தோறும் சிறு அளவுகளாகப் பிரித்துத் தருவதன் நோக்கமே, இடைப்பட்ட நேரத்தில் நல்ல செல்கள் தேறவேண்டும் என்பதுதான். ஆனால் அதே நேரத்தில் புற்றுநோய்ச் செல்லும் தேறிக்கொள்ள முயல்கிறது.

ஊசியின் பணி

வாரந்தோறும் தரப்படும் சிஸ்பிளாட்டின், பிளாட்டினம் என்ற உலோகம் அடங்கிய மருந்து. இது டி.என்.ஏ. இழைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிணைத்துவிடுகிறது. கதிர்வீச்சால் அறுந்த இழையைச் செல் சீர்செய்வதற்கு இப்பிணைப்பு இடையூறாகிறது. தானாகவும் இம்மருந்து புற்றுநோய்ச் செல்களை அழிக்கவல்லது.

1999ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகளுக்குப் பிறகே இம்முறை உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் கணக்கிட்டபோது, ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 60 பேர். மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 66 பேர்.

புதிய மருந்துகள்

பழுதுபார்க்கும் புரதங்களையே நேரடியாகத் தடுக்கும் மருந்துகளும் இன்று உள்ளன. ஓலாபரிப் அவற்றுள் ஒன்று. மரபணுக் குறைபாட்டால் பழுதுபார்க்கும் வழிகளுள் ஒன்றை ஏற்கெனவே இழந்துவிட்ட சில சினைப்பை, மார்பகப் புற்றுநோய்களுக்கு இது மாத்திரையாகத் தரப்படுகிறது. மீதமுள்ள வழியும் அடைபடும்போது அச்செல் மடிகிறது. இத்தகைய மருந்துகளைக் கதிர்வீச்சோடு சேர்த்துத் தருவது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. நல்ல செல்களின் பழுதுபார்க்கும் திறனும் குன்றினால் தோலும் குடலும் மிகுதியாகப் புண்ணாகும் என்பதே எச்சரிக்கைக்குக் காரணம்.

நீங்கள் செய்யவேண்டியவை

கருப்பைவாய்ப் புற்றுநோயில், உள்வழிக் கதிர்வீச்சு உட்பட முழுச் சிகிச்சையும் 8 வாரங்களுக்குள் முடிவது நலம். நாள்கள் தவறினால் எஞ்சிய புற்றுநோய்ச் செல்கள் மீண்டும் பெருகும். திருவிழா, திருமணம் என எதற்காகவும் இடையில் நிறுத்தவேண்டாம்.

ஊசிக்கு முன் இரத்தப் பரிசோதனை கட்டாயம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஆகவே மருத்துவர் சொல்லும் அளவு தண்ணீர் அருந்துங்கள். சிறுநீர் குறைதல், காதில் இரைச்சல், காய்ச்சல், நிற்காத வாந்தி ஆகியவற்றை உடனே தெரிவியுங்கள். வாந்தியைக் கட்டுப்படுத்த நல்ல மருந்துகள் உண்டு. நாட்டு மருந்தோ சத்து மாத்திரையோ எடுத்துக்கொண்டால் மறைக்காமல் கூறுங்கள்.

இரத்த அணுக்கள் குறைந்தாலோ சிறுநீரகம் தளர்ந்தாலோ நாங்களே ஊசியைத் தள்ளிவைப்போம் அல்லது நிறுத்துவோம். அதனால் மனம் தளரவேண்டாம். முதன்மைச் சிகிச்சை கதிர்வீச்சே, அது தொடரும். ஊசி வேண்டாம் என்று தோன்றினால், வீட்டிலேயே முடிவெடுக்காமல் முதலில் எங்களிடம் வந்து பேசுங்கள்.