இல்லக் கருவிகளும் இன்தமிழும்

முன்னுரை

மொழியின் வளத்தை ஏட்டில் மட்டுமே தேடுவது நம் வழக்கமாகிவிட்டது. அடுக்களையிலும் கூடத்திலும் அன்றாடம் புழங்கும் சொற்களை நாம் ஆய்வுப் பொருளாகக் கொள்வது அரிது. ஆயினும் ஒரு மொழி உயிரோடு இருக்கிறதா என்பதை அறியச் சிறந்த இடம் இல்லமே ஆகும். புதிய கருவியொன்று வீட்டினுள் நுழையும்போது அதற்குப் பெயர் வைக்கவும், அதனை இயக்கக் கற்பிக்கவும், அது பழுதுபட்டால் இன்ன குறை என்று சொல்லவும் மொழி தேவைப்படுகிறது. இம்மூன்று தேவைகளையும் இன்றைய தமிழ் எவ்வளவு நிறைவேற்றுகிறது என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

வினையிலிருந்து பிறந்த பெயர்கள்

நம் முன்னோர் இல்லக் கருவிகளுக்கு இட்ட பெயர்களுள் பல காரணப் பெயர்களே. விசிறுவது விசிறி, துருவுவது துருவி, தானியத்தைத் திரிப்பது திரிகை. ஆட்டுரல் என்பதோ அழகியதொரு வினைத்தொகை. ஆட்டிய உரல், ஆட்டுகின்ற உரல், ஆட்டும் உரல் என மூன்று காலத்தையும் அச்சொல் தன்னுள் அடக்கிக்கொள்கிறது.

கருவிக்கேற்ப வினையும் வேறுபட்டது. அம்மியில் அரைத்தனர், ஆட்டுரலில் ஆட்டினர், உரலில் இடித்தனர், குத்தினர், திரிகையில் திரித்தனர். மிளகாயை அரைப்பதும் மாவை ஆட்டுவதும் வெவ்வேறு தொழில்கள் என்பதை அவ்வினைச் சொற்களே அறிவித்தன. ஒரு பெண் 'மாவு ஆட்டிவிட்டேன்' என்றால், எந்தக் கருவியில், எவ்வகை உழைப்பால் அது முடிந்தது என்பதும் விளங்கிற்று.

இந்நிலையில் மின்கருவிகள் வந்தன. கோவையில் பி. சபாபதி 1955ஆம் ஆண்டில் மாவரைக்கும் மின் எந்திரத்தை அறிமுகப்படுத்தினார். ஆட்டுரலின் கல்லும் குழவியும் அதில் அப்படியே இடம்பெற்றன. கைக்கு மாற்றாக மோட்டார் வந்தது. பின்னாளில் கோவை கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. இது தமிழ் மண்ணின் உணவு வழக்கத்திலிருந்து தோன்றிய கருவி. ஆயினும் இதன் பெயர் ஆங்கிலம். எனினும் உட்சென்று நோக்கினால் தமிழ் முற்றிலும் விலகிவிடவில்லை என்பது புலனாகும். கல் கல்லாகவே நிற்கிறது. குழவி குழவியாகவே நிற்கிறது. பல வீடுகளில் இன்றும் 'மாவு ஆட்ட வேண்டும்' என்றே சொல்கின்றனர். பெயர் மாறினும் வினை மாறவில்லை.

மிக்சியின் நிலை வேறு. அம்மியின் பணியும் உரலின் பணியும் ஒரே கருவியில் ஒடுங்கியதால், இடித்தலும் திரித்தலும் 'அரைத்தல்' என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிட்டன. சொல்லோடு அறிவும் சுருங்குகிறது. கிரைண்டரில் கல் மெதுவாகச் சுழல்வதால் மாவு அதிகம் சூடேறுவதில்லை. மிக்சியின் அலகோ நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. ஆகவே மாவு சூடேறுகிறது. குளிர்ந்த நீர் ஊற்றி விட்டு விட்டு அரைக்கும் அனுபவமுள்ள தாய்மார் இதனை அறிவர். ஆட்டுதல் வேறு, அரைத்தல் வேறு என்ற பழைய வேறுபாட்டின் பொருள் இங்கே தெளிவாகிறது.

கடன் சொல் குற்றமா?

தொல்காப்பியர் எச்சவியலில் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொற்களை நான்காக வகுத்தார். பிறமொழிச் சொல் தமிழுக்கு வருவது புதிதன்று என்பதற்கு இதுவே சான்று. நம் வீட்டிலுள்ள அலமாரி, மேசை, சன்னல், சாவி ஆகியன போர்த்துக்கீசியர் வழி வந்தவை. கடையில் கருவி வாங்கும்போது நாம் கேட்டுப் பெறும் ரசீதும், கடைத் தராசும் பாரசீகத்தைச் சார்ந்தவை. அசல், நகல், பாக்கி, வசூல் ஆகியன அரபு மூலம் உடையவை. தவணை முறையில் குளிர்பதனப் பெட்டி வாங்கிய ஒருவர் 'பாக்கியை வசூலிக்க வந்தார்கள். அசல் ரசீதைக் காட்டினேன்' என்கிறார். அவர் அயல்மொழி பேசுவதாக எவரும் கருதுவதில்லை.

ஆகவே மிக்சி, குக்கர், ஃபேன் என வழங்குவதால் தமிழ் அழிந்துவிடும் என அஞ்ச வேண்டுவதில்லை. மின்விசிறி, சலவை எந்திரம், தொலைக்காட்சி போன்ற நல்ல ஆக்கங்கள் எழுத்து வழக்கில் நிலைபெற்றுள்ளன. கொதிகலன் என்ற வினைத்தொகை ஆட்டுரலின் மரபில் வந்ததே. இவ்வாக்கங்கள் பெருகட்டும். ஆனால் உண்மையான இழப்பு வேறிடத்தில் நேர்கிறது.

தமிழ் இல்லாத கையேடு

ஒரு கருவியை வாங்கி வீட்டுக்குக் கொணர்ந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கையேடு இருக்கும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். சிலவற்றில் இந்தியும் இருக்கும். கருவியை நாள்தோறும் இயக்குபவரோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த இல்லத்தரசியாக இருக்கலாம். கையேடு அலமாரியில் உறங்கும். கருவி அடுக்களையில் உழைக்கும்.

இதனால் விளைவது என்ன? மிக்சியில் அளவுக்கு மீறிப் பொருளை இட்டால் அது திடீரென நின்றுவிடும். மோட்டார் எரிந்துபோகாமல் காக்கும் ஏற்பாடு அது. சற்றுப் பொறுத்து, அடிப்பாகத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் மீண்டும் ஓடும். இது அறியாமல் பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிச் சென்று பணம் கொடுத்து வருவோர் உளர். இதில் பணம்தான் போகிறது. நீரில் இட்டுச் சூடேற்றும் மின்கம்பியை இணைப்பைத் துண்டிக்காமல் நீரைத் தொட்டுப் பார்த்தால் உயிரே போகக்கூடும். மூன்று முனைச் செருகியில் நீண்டு பருத்திருக்கும் முனை, கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்துவதற்காக அமைந்தது. அதனை வெட்டிவிட்டு இருமுனைத் துளையில் செருகுவோர்க்கு அதன் பயனை எவரும் தமிழில் சொல்லவில்லை.

மின்கட்டணமும் அவ்வாறே. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். இரண்டாயிரம் வாட் வெந்நீர்க் கருவி அரை மணி நேரத்திலேயே அதனைச் செலவிட்டுவிடும். கருவியின் மேல் ஒட்டிய தகட்டைப் படிக்கத் தெரிந்தால் இக்கணக்கு எவர்க்கும் எளிது.

சட்டமும் இங்கு நோக்கத்தக்கது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகள், உறைமேல் இடவேண்டிய விவரங்கள் தேவநாகரி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிறமொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, தீங்கு நேராமல் பயன்படுத்தப் போதிய அறிவுரை தராத உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. பயன்படுத்துவோர் படிக்க இயலாத மொழியில் தந்த அறிவுரை 'போதிய அறிவுரை' ஆகுமா என்பது நாம் எழுப்ப வேண்டிய வினா.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியது. கருவி எட்டாத குடிசைகளுக்கும் அது எட்டியது. கருவி எட்டிய இடமெல்லாம் அதனைப் பற்றிய அறிவும் எட்ட வேண்டுமன்றோ?

நாம் செய்யத்தக்கன

தமிழ்த்துறை மாணவர்க்கு இங்கே எளிய, பயனுள்ள பணி காத்திருக்கிறது. முதலாவது, தத்தம் வீட்டுக் கருவிகளின் பெயர், உறுப்பு, வினை ஆகியவற்றைப் பாட்டியிடமும் தாயிடமும் கேட்டுத் தொகுக்கலாம். அம்மி கொத்துவோர் தெருவில் வரும் காட்சி அருகிவருகிறது. அவர் தொழிற்சொற்கள் மறையுமுன் பதிவு செய்தல் நன்று. இரண்டாவது, ஒவ்வொரு கருவிக்கும் ஒருபக்க அளவில் தமிழ்க் குறிப்பு எழுதி அக்கருவியின் அருகிலேயே ஒட்டலாம். ஒரு மாதிரி வருமாறு:

மிக்சி: பாத்திரத்தை முழுவதும் நிரப்பாதீர். மூடியைப் பொருத்திய பின்னரே இயக்குக. நின்றுவிட்டால் இணைப்பை நீக்கிப் பொருளைக் குறைத்து, சற்று நேரம் கழித்து அடியிலுள்ள பொத்தானை அழுத்துக. அலகைக் கழுவும்போது பாத்திரத்தை எந்திரத்தினின்று எடுத்துவிடுக.

இதில் அருஞ்சொல் எதுவுமில்லை. மிக்சி என்ற கடன் சொல்லும் விலக்கப்படவில்லை. ஆயினும் இது முழுத் தமிழ். படிப்பவர்க்கு விளங்கும் தமிழ்.

முடிவுரை

பெயரைக் கடனாகப் பெறலாம். அதனால் மொழிக்குக் கேடில்லை. செய்முறையும் எச்சரிக்கையும் அவ்வாறு அயல்மொழியில் நின்றுவிடலாகாது. அவை கருவியைக் கையாள்பவரின் மொழியில் இருந்தால்தான் காக்கும். விசிறி என்றும் திரிகை என்றும் செயலை நோக்கிப் பெயரிட்ட மொழிக்கு, செயலைக் கற்பிக்கும் ஆற்றல் இல்லாமற் போகாது. அவ்வாற்றலை ஏட்டிலிருந்து அடுக்களைக்குக் கொண்டு செல்வது தமிழ் கற்றோர் கடன்.